ஆச்சி மீனும் செட்டியார் மீனும்

பணி ஓய்வு பெற்று வந்த புதிதில் எனக்கு எதைக் கண்டாலும் கோபம் வந்தது. மின்விசிறி சத்தம் போட்டால் கோபம். பால்காரர் தாமதமானால் கோபம். சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று என் மேலேயே கோபம். வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலாகித் திரிந்தவன், கடைசியில் காரைக்குடியில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்து அடங்கினேன். கானாடுகாத்தானில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குத் திறப்போம், பிறகு வௌவாலுக்கு விட்டுவிட்டு வருவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகல் முழுக்க நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அதில் எங்கள் இருவருக்குமே பழக்கம் போதாது.

கல்லுக்கட்டிப் பக்கம் ரவிக்கைத் துணி எடுக்கப் போனவள் ஒரு நாள் ஆட்டோவில் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினாள். துணி எடுக்கவில்லை.

"இது எதுக்கு?" என்றேன்.

"எந்நேரமும் என்னையவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீக. கொஞ்ச நேரம் இதையும் பாருங்க."

எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. அவர்கள் நம் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். எனக்கு அவள் ‘இந்தா’. அவளுக்கு நான் ‘இந்தாங்க’. கையில் ஒரு பொருளைக் கொடுக்கும்போது சொல்கிற சொல்தான். கொடுக்க ஒன்றும் இல்லாதபோதும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். வெளியே நின்று கேட்கிறவர்கள், இந்த வீட்டில் இரண்டு பேர் நாள் முழுக்க எதையோ கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மறுவாரம் மீன் வாங்க நானும் கூடப் போனேன். அவளுக்குப் பிடித்துப்போனது ஏஞ்சல் மீன். தட்டையான உடம்பு, மேலும் கீழும் நீண்ட துடுப்பு, வெள்ளி நிறத்தில் கறுப்புப் பட்டை. ஒரு சோடி கொடுங்கள் என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார்.

"சோடியாத் தர முடியாதுங்க ஆச்சி. இதுல ஆணு எது, பொண்ணு எதுன்னு எங்களுக்கே தெரியாது. நாமளா ரெண்டைப் பிடிச்சு ஒண்ணா விட்டா கடிச்சே கொன்னுபுடும். ஆறு குஞ்சு கொண்டு போங்க. வளரட்டும். அதுகளாப் பாத்து, பிடிச்சதோட பிடிச்சது சேந்துக்கிரும். மிச்சத்தை எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துருங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு தானாகச் சிரித்தபடி வந்தாள். என்னவென்று கேட்டேன்.

"மீனுக்கு இருக்க மருவாதியப் பாருங்க. நம்மளையெல்லாம் யாரு இப்பிடி விட்டா?"

யாரும் விடவில்லைதான். பெண் பார்க்கப் போன அன்று நான் பார்த்தது காபித் தட்டை. அவள் பார்த்தது என் கால் செருப்பை என்று பிற்பாடு சொன்னாள். வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்ததாம். எங்கள் வழக்கப்படி இசைகுடிமானம் என்று கல்யாண ஒப்பந்தம் எழுதுவார்கள். எழுதியதும் கையெழுத்துப் போட்டதும் இரண்டு வீட்டு அப்பச்சிமார்கள், எங்கள் அப்பாக்கள். எங்களிடம் கேட்க அதில் எதுவுமே இருக்கவில்லை.

அந்த மீனுக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும், மழைத்தண்ணீர் கிடைத்தால் நல்லது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இவளுக்கு உடனே யோசனை வந்துவிட்டது. அவளுக்குச் சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டா ஒன்று கானாடுகாத்தான் வீட்டு அறையில் கவிழ்ந்து கிடந்தது. கல்யாணமான நாள் முதல் எந்த அடுப்பிலும் ஏறாத அண்டா. சாவி வாங்கிப் போய், ஆள் வைத்துத் தூக்கி வந்து, புளி போட்டு விளக்கினாள். விளக்கு ஏற்றலாம்போலப் பளபளத்தது. முற்றத்தில் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். நாலு நாள் வைத்திருந்து தொட்டியில் ஊற்றினாள். விடிந்து பார்த்தால் இரண்டு குஞ்சுகள் மிதந்தன.

"பித்தளையிலயா பிடிச்சீக?" என்று கடைக்காரர் போனில் அலறினார். செம்பு கலந்த எதிலும் தண்ணீர் தங்கினால் மீனுக்கு விஷமாம். வீடு நிறையப் பித்தளையும் வெண்கலமுமாகச் சாமான் அடுக்கி வைத்திருக்கிற எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பைச் செய்யத் தோன்றாது. அண்டா மறுபடி கவிழ்ந்தது. பதிலாக ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் வந்தது. இறந்த குஞ்சுகளைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்தவள், அன்றைக்குச் சாப்பிடவில்லை. மீனுக்கா இந்தக் கூத்து என்று நான் எரிந்து விழுந்தேன்.

மிச்சம் நாலு. அவை உள்ளங்கை அளவு வளர்ந்தபோது, இரண்டு மட்டும் தொட்டியின் காற்று மோட்டார் பக்கத்து மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விரட்டத் தொடங்கின. பிறகு அந்த இரண்டுக்குள்ளேயே சண்டை. வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுத்தன. பிரித்துவிட வலையை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். கடைக்காரரைக் கேட்டால், அது சண்டையில்லை, இவன் தாங்குவானா என்று ஒன்றையொன்று சோதித்துப் பார்க்கிறது, விடுங்கள் என்றார். விட்டோம். இழுபறி முடிந்ததும் ஒன்று மற்றதன் முன்னால் வந்து உடம்பை லேசாகச் சிலிர்த்தது. குளிரில் நடுங்குவதுபோல ஒரு கணம். எதிரில் நின்ற மீனும் துடுப்பை மடக்கி அதேபோல நடுங்கியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவை பிரிந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை. வேண்டாத இரண்டையும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

பெரியதற்கு நெற்றி சற்று மேடாக இருந்தது. "இது செட்டியார்" என்றாள். "நெத்தியப் பாருங்க, அப்பிடியே நீங்கதான்." சின்னது ஆச்சி. அதில் எங்கள் இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. பெரிதாக, மேட்டு நெற்றியோடு, முன்னால் வந்து மிரட்டி நிற்கிறது என்றால் அது செட்டியார்தானே.

அவை பேசிக்கொள்வதை நாளாக நாளாகப் படிக்கக் கற்றேன். வாசலில் தபால்காரர் நிழல் விழுந்தால் ஆச்சி வயிற்றுத் துடுப்பைப் படக்கென்று ஒருமுறை தாழ்த்தும். தொட்டியின் அந்தக் கடைசியில் இருந்தாலும் செட்டியார் திரும்பி வந்து பக்கத்தில் நிற்கும். பசித்தால் ஒரு சாய்வு. கோபம் என்றால் செவுளை விரித்து ஒரு நிலை. எனக்கும் அவளுக்கும் இடையில் இதைவிடக் கூடுதலாகப் பேச்சு இருந்ததாகச் சொல்ல முடியாது. டம்ளரை மேசையில் வைக்கிற சத்தத்தில் அவள் கோபத்தை அளந்துவிடுவேன். செய்தித்தாளை நான் மடிக்கிற விதத்தில் எனக்குத் தலைவலியா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். தலைவலித் தைலம் கேட்காமலே வரும். "இந்தாங்க" என்ற சொல்லோடு வரும்.

முட்டையிட வழுவழுப்பான கல் ஏதாவது சாய்த்து வையுங்கள், சிலேட்டுப் பலகை நல்லது என்றார் கடைக்காரர். சட்டம் பிரித்த கல் சிலேட்டு. அதை வாங்க ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்குப் போனோம். கடையில் இருந்த அம்மாள், "பேரப்புள்ளைக்கா?" என்று கேட்டார். இவள் சற்றும் தயங்காமல், "ஆமா" என்றாள். பல்பம் வேண்டுமா என்று கேட்டார். அதையும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள். அந்தப் பல்பப் பெட்டி இன்றும் அலமாரியில் இருக்கிறது.

சிலேட்டை வைத்த சில நாட்களில் இரண்டும் சேர்ந்து அதை வாயால் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன. பிறகு ஆச்சி அதன்மேல் வயிறு உரச மெல்ல ஏறியது. தேன் நிறத்தில் கடுகைவிடச் சிறிய முட்டைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டன. அது விலகியதும் செட்டியார் அதே வழியில் உரசிக்கொண்டு போயிற்று. தன் வேலையைச் செய்கிறது என்று நினைத்தோம். சிலேட்டு நிரம்பிவிட்டது. இவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தாள். அன்றைக்குச் சமையல் நான்தான் செய்தேன். அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள் என்றால் எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் மாறி மாறி முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறின. மறுநாள் சில முட்டைகள் வெளுத்தன. அதற்கு மறுநாள் எல்லாம் வெளுத்துப் பஞ்சு பூத்தன. பிறகு அவையே அதைத் தின்றுவிட்டன.

"முதல் ஈத்துத்தானே. அடுத்தது தங்கும்" என்றாள்.

அடுத்ததும் தங்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை சிலேட்டைச் சுத்தம் செய்யும், நிரப்பும், விசிறும், வெளுக்கும். தண்ணீரை மாற்றிப் பார்த்தோம். மருந்து விட்டுப் பார்த்தோம். தீனியை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் வெளுத்த அன்று அவள் தொட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். இடையில் ஒருநாள் தீனி வாங்கப் போனபோது கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

"நீங்க திருப்பிக் குடுத்தீகளே ரெண்டு, அதுல ஒண்ணு ஆணுங்க. எங்க தொட்டியில வேற ஒண்ணோட சேந்து குஞ்சு பொரிச்சிருச்சு. மேல்தட்டுத் தொட்டியில பாருங்க."

பார்த்தோம். நீர்ப்பாசி நடுவில் ஊசிமுனை ஊசிமுனையாக ஒரு கூட்டம் அசைந்தது. இவள் தீனியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் எங்கள் தொட்டியின் முன்னால் நின்று, "இந்த வீட்டுத் தண்ணியே அப்பிடி" என்றாள். மீனுக்குத்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இது புரிய எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீடுகளில் மாவில் நூல் திரி வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இழை எடுப்பது என்று பெயர். ஆளுக்கு ஓர் இழை. வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்ணுக்கு மட்டும் இரண்டு. கல்யாணமான சில வருடங்கள் கழித்து ஒரு நோன்புக்கு அவள் இரண்டு இழை வாங்கினாள். தை பிறந்ததும் அது இல்லையென்று ஆகிவிட்டது. அடுத்த நோன்புக்கு என் அப்பச்சி போன வருட நினைப்பில் அவளுக்கென்று இரண்டாவது இழையையும் கையில் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு ஞாபகம் வந்து, கூடியிருந்த அத்தனை பேரும் பார்க்க, அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு நோன்புக்கும் அவள் கையை நீட்டும்போது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடிந்ததில்லை.

மதுரையில் மருத்துவர்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள ஓர் ஆளாவது கிடைத்திருக்கும். எங்கள் வழக்கப்படி பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்ள, சுவீகாரம் எடுக்கச் சொன்னார்கள். "கூட்டுற புள்ளைக்கு ஏற்கெனவே ஒரு ஆத்தா இருப்பாக. நான் ரெண்டாமவளா இருக்க மாட்டேன்" என்று மறுத்துவிட்டாள். நான் திருநெல்வேலியில் வேலை பார்த்தபோது அவளுடைய அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அவர் பேசியது கேட்டது.

"போதும் ஆத்தா, கெளம்பு. நாளைக்கு அவுகளே வேற எடம் பாத்துக்கிருவாக. அதுக்கு முன்னாடி நீயா வந்துரு."

குழாயை மூடினால் நான் கேட்பது தெரிந்துவிடும் என்று திறந்தே வைத்திருந்தேன். பிறகு அவள் குரல் வந்தது.

"அண்ணே, காப்பி ஆறுது. குடிங்க."

அண்ணன் குடித்துவிட்டுத் தனியாகத்தான் போனார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. போக இடமிருந்தும் ஏன் இருந்தாள் என்ற கேள்வி மட்டும் எனக்குள் கிடந்தது. ஊர் பேச்சுக்குப் பயந்தா, பழகிப்போனதாலா, என் மேல் இரக்கத்தாலா? பிடித்துத்தான் இருந்தாள் என்று நினைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

முட்டைகள் வெளுத்துக்கொண்டே இருப்பதைக் கேட்ட கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். ஆணில்தான் கோளாறு இருக்கும், அதை எடுத்துவிட்டு வேறு ஆண் தருகிறேன், ஒரே மாதத்தில் குஞ்சு பார்க்கலாம் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. இவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வேணாம். அதுக்குப் பிடிச்சதோடயே இருக்கட்டும்."

ஊரடங்குக் காலத்தில் நாங்கள் அதிகம் பேசினோம் என்று சொல்ல வேண்டும். வெளியே போக வழியில்லை, வருகிறவரும் இல்லை. ஒரு காலை அவள் குத்த வைத்து உட்கார்ந்து, குழாய் போட்டுத் தொட்டியின் அடித்தண்ணீரை வாளியில் இறக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். வேடிக்கையாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"நம்மளையும் இந்த மீனுக மாதிரி ஆறு பேரா விட்டிருந்தா, நீ யாரப் பிடிச்சிருப்ப?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளி நிறைகிற சத்தம் மட்டும் இருந்தது. நிறைந்ததும் குழாயை மடக்கிப் பிடித்து, மற்றக் கையால் வாளியைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க."

பதில் சொல்லாமல் நழுவுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. வாளியை வாங்கிக்கொண்டு போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சற்று நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன்.

ஆச்சி மீன் அதன்பின் சில வருடங்கள் இருந்தது. ஒருநாள் சாய்ந்து நீந்தத் தொடங்கி இரண்டு நாளில் முடிந்துபோனது. செட்டியார் அந்த மூலையை விட்டு வரவில்லை. தீனி மேலே மிதந்து ஊறி அடியில் இறங்கும், திரும்பிப் பார்க்காது. எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. இவள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பாவம், செட்டியார் அரைப்புள்ளி ஆயிட்டாரு" என்றாள். வேறு ஒன்று வாங்கி விடலாமா என்று கேட்டேன். "அவுகளே கேக்கட்டும், அப்பறம் பாப்போம்" என்றாள்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி போட்டிருந்ததால் பேச முடியவில்லை. நான் உள்ளே போனபோது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ், ஏதாவது எழுத வேண்டுமாம், பேனா கொடுங்கள் என்றார். எனக்குத் தெரியும். மீனுக்குத் தீனி போடுகிற கை அது.

"போட்டாச்சு" என்றேன். போடவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் அவளோடு வந்துவிட்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தக் கையும் அசையவில்லை.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு வீட்டில் நானும் அந்த மீனும்தான். இரண்டு அரைப்புள்ளிகள். கூட்டிப் பார்த்தால் ஒன்று ஆக வேண்டும், ஆகவில்லை. காலையில் என் காபியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால்தான் உட்காருவேன். நெற்றி மேட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "உன் பாடு பரவாயில்ல செட்டியாரே, ஒனக்குப் படைப்புக்குப் போக வேண்டியதில்ல, பங்காளிக கிட்டப் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்பேன். ஆம்பளைக்கு ஆம்பளை பேசுகிற பேச்சு. நான் உளறுவதை அவள் கேட்டிருந்தால் டம்ளரைச் சத்தமாக வைத்திருப்பாள்.

மாசி வாக்கில் அது கொஞ்சம் தீனி எடுத்தது. கண்ணாடியின் ஓரத்தில் தன் பிம்பத்துக்கு முன்னால் நின்று, பழைய நாளில் செய்ததுபோல உடம்பைச் சிலிர்த்தது. பிம்பமும் சிலிர்த்தது. அதைக் காணச் சகிக்காமல் அந்தப் பக்கம் செய்தித்தாளை ஒட்டி வைத்தேன். மறுநாள் இந்தப் பக்கக் கண்ணாடியில் போய் நின்றது. பாவம், விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு காலை காபியோடு வந்து உட்கார்ந்தேன். செட்டியார் சிலேட்டின் மேல் நின்றது. பாசியைக் கொத்தித் துடைத்திருந்தது. பிறகு வயிறு உரச மெதுவாக மேலே ஏறியது. ஏறின தடத்தில், தேன் நிறத்தில், வரிசையாக முட்டைகள் ஒட்டியிருந்தன.

முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடி கீழே வந்து, மறுபடி ஏறியது. இன்னொரு வரிசை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் செட்டியார் செட்டியார் என்று கொண்டாடிய ஆள்! டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"இந்தா! இங்க வா, ஓடியா! ஒன் செட்டியாரு பொம்பளடி!"

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அடுக்களையில் அவள் இல்லை. அடுப்பில் நான் மூடாமல் விட்டு வந்த பால் பாத்திரம் இருந்தது. இந்தச் செய்தியைச் சொல்ல உலகத்தில் எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆள். வேறு யாரிடம் சொன்னாலும் இது ஒரு மீன் கதை. அவள் இறந்த அன்றும், காரியத்தன்றும் வராத அழுகை அப்போது வந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரிடம் போனேன். அவரும் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டுமே பொண்ணா இருந்திருக்கும் அய்யா. சில சமயம் அப்பிடிச் சேந்துக்கிரும். ரெண்டும் முட்டை விடும். அதான் எப்பவும் சிலேட்டு நெறஞ்சிருக்கு. எத்தனை வருசம் விட்டாலும் பொரியாது."

"கூட ஆண் இருந்துச்சே. ஒங்க கிட்டத் திருப்பிக் குடுத்த ரெண்டுல ஒண்ணு ஆணுன்னு நீங்கதானே சொன்னீக."

"இருந்துச்சு. அதுகளுக்கு அது பிடிக்கலை. அதை வெரட்டிட்டு இதைப் பிடிச்சுக்கிருச்சு. நாம என்ன செய்ய முடியும்?"

வீட்டுக்கு நடந்தே வந்தேன். எங்கள் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. மருந்தில் இல்லை, தீனியில் இல்லை. துண்டு போட்டு மூடிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றாளே, அதற்கெல்லாம் தேவையே இருந்திருக்கவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியாமல் போயிற்றே என்பதுதான் ஆறவில்லை. அந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது குஞ்சுக்காக இல்லை. குஞ்சு கொடுக்கக் கூடியது பக்கத்திலேயே நீந்தியபோது அதை விலக்கிவிட்டுத்தான் சேர்ந்தன. ஒவ்வொரு முறை வெளுத்த பிறகும், பிரிந்து போகாமல் மறுபடி சிலேட்டைத் துடைத்தன.

தொட்டியில் முட்டைகள் பாதி வெளுத்திருந்தன. அது தனியாக நின்று விசிறிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் என்னைப் போல ஓர் ஆண்பிள்ளை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது நானில்லை. அவள் குறை சொன்ன இந்த வீட்டுத் தண்ணீரில் விடாமல் இருந்துகொண்டிருந்த ஒரு பெண்.

அடித்தண்ணீர் மாற்ற வேண்டிய நாள். அவள் செய்தபடியே குத்த வைத்து உட்கார்ந்து, குழாயைப் போட்டு, வாளியில் தண்ணீரை இறக்கினேன். வாளி நிறைகிற சத்தத்தில் அந்த ஊரடங்குக் காலை திரும்ப வந்தது. நான் கேட்டது, அவள் நிமிராமல் இருந்தது, நிறைந்ததும் என் பக்கம் நீட்டியது. காபி ஆறுகிறது என்று அண்ணனிடம் சொன்னவள் அவள். பேசாமலே பதில் சொல்கிறவள். ஆறு பேரில் யாரைப் பிடித்திருப்பாய் என்று கேட்டதற்கு, என்னை நேராகக் கூப்பிட்டு, "இந்தாங்க" என்றுதான் சொன்னாள்.

நான் வாளியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.